டெண்ட் விழாத டின்

மாத்தளையில் ஒரு மிளகு மொத்தக் கடையில் எனக்கு வேலை. வெளிநாட்டுக்குப் போகிற இங்கிலீஷ் எல்லாம் என் தலையில்தான். லண்டன் கடைக்கு முதலில் அனுப்பிய மிளகுத்தூள் டின்கள் நசுங்கிப் போய்ச் சேர்ந்தன. கடைக்காரி 'டெண்ட், டெண்ட்' என்று படம் படமாக அனுப்பி மானத்தை வாங்கினாள். அடுத்த தடவை முதலாளி ஒவ்வொரு டின்னையும் பச்சைப் பிள்ளையைப் போலச் சுற்றிக் கட்டினார்.

"இதுவும் நசுங்கினா ஓடர் இல்ல மகள். ஓடர் இல்லாட்டி இங்கிலீஷும் தேவல்ல."

அதாவது நானும் தேவையில்லை.

பதில் வந்ததும் முதலாளியே போனைப் பிடுங்கி எழுத்துக்கூட்டினார். 'வீ ஹேவ் பேர்லி மேட் எ டெண்ட் இன் யுவர் டின்ஸ்.'

"'பேர்லி'ன்டா என்ன மகள்?"

"இல்லேங்கிற மாதிரிதான் முதலாளி."

"டெண்டே இல்ல! அல்ஹம்துலில்லாஹ்!" பக்கத்துக் கடையிலிருந்து இனிக்க இனிக்க ஒரு தட்டு வட்டலப்பம் வந்தது.

பிறகுதான் போன் என் கைக்கு வந்தது. அடக் கடவுளே! குவிந்து கிடப்பதில் கணிசமாகக் குறைத்தால், அதை அவர்கள் டெண்ட் என்பார்கள். டின்கள் விற்காமல் அப்படியே கிடக்கின்றன என்று அழுகிறாள் அவள். முதலாளியோ அதற்குள், 'தேங்க் யூ! நெக்ஸ்ட் டைம் ஆல்சோ நோ டெண்ட்!' என்று தட்டிவிட்டிருந்தார்.

என் பங்கு வட்டலப்பத்தை முடித்துவிட்டுத்தான் விஷயத்தைச் சொன்னேன். வேலை போனாலும் வட்டலப்பமாவது மிஞ்சட்டுமே!

"நசுங்கல்லதானே?" என்றார் பாவமாக.

"நசுங்கல்ல. விக்கவும் இல்ல."

நல்லவேளை, அவள் முதலாளியின் பதிலை நகைச்சுவை என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்திருக்கிறாள். டின் பெரிது, ஒரு வீட்டுக்கு வருஷக்கணக்கில் வரும், சின்னதாக அனுப்புங்கள் என்று எழுதினாள். அனுப்பினோம்.

சில மாதங்களில், 'எ ரியல் டெண்ட்!' என்று வந்தது. முதலாளியின் முகம் செத்துவிட்டது.

"திரும்பவும் நசுங்கிட்டா?"

"ஐயோ, இது நல்ல டெண்ட் முதலாளி! பாதிக்கு மேல வித்துட்டாங்களாம். இன்னும் கேக்கிறாங்க."

மறுபடியும் வட்டலப்பம். நான் உட்காரும் கதிரை பிழைத்த சந்தோஷத்தில் கரண்டியை நிறுத்தவே இல்லை. முதலாளி தட்டை எட்டிப் பார்த்தார்.

"மகள், இதில நீங்க போட்டீக்கிறதுதான் டெண்ட்!"

பிழை சொல்ல ஒன்றுமில்லை. சொல்ல வாயும் காலியாக இல்லை.