போர்தோவுக்குப் போகும் சென்ட்ரல் லைன்

அப்பாவின் தங்கை, என் அத்தை, கல்யாணம் ஆகும்வரை எங்களோடு பம்பாய் மாட்டுங்காவில்தான் இருந்தாள். கல்யாண் என்கிற ஊரிலிருந்து ஒரு வரன் அமைந்து, அவர்களை ஒரு சனிக்கிழமை மாலை பெண் பார்க்க வரச் சொல்லிவிட்டார் அப்பா. அத்தையோ, அதே நாள் காலையில் ஒரு பெரிய ஹோட்டலுக்கு இன்டர்வியூ போயே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அங்கே புதிதாகத் திறக்கப்போகிற பிரெஞ்சு ரெஸ்டாரண்டில் ஆர்டர் எடுக்கிற வேலை. பிரான்ஸில் போர்தோ என்கிற பகுதியின் ஒயின்களைப் பற்றிக் கேட்பார்களாம். எங்கள் வீட்டில் திராட்சை என்றால் பாயசத்தில் மிதப்பது, அவ்வளவுதான்.

புத்தகத்தோடு மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு, அத்தை போர்தோவையே தூக்கிப் பம்பாயில் வைத்துவிட்டாள். அங்கே கரோன், டோர்டோன் என்று இரண்டு ஆறுகள். கரோன் எங்கள் சென்ட்ரல் லைன் ரயில், டோர்டோன் வெஸ்டர்ன் லைன் ரயில். தாதர் ஸ்டேஷனில் இரண்டும் சேர்ந்தாயிற்று. தாதரைப் பார்த்து நின்றால் இடது கரையில் எங்கள் வீடு: மெதோக் என்கிற வட்டாரம், கூழாங்கல் மண், கபர்னே திராட்சை. வலது கரை மாஹிம்: பொமெரோல், களிமண், மெர்லோ. இரண்டு லைனுக்கும் நடுவே வெள்ளை ஒயின். நான் கேட்கக் கேட்க, சப்பாத்தி இட்டுக்கொண்டே பதில் சொல்வாள்.

"சோதெர்ன் எங்கே அத்தை?"

"கரோன்ல மேல போகணும்டீ, கல்யாண் பக்கம். பூசணம் பிடிச்ச திராட்சை. ஒரே தித்திப்பு."

"பூசணம் பிடிச்சதையா பைசா குடுத்துக் குடிக்கறா?" என்று அம்மா முகத்தைச் சுளித்தாள்.

பெண்பிள்ளை தனியாகப் போகக்கூடாது என்று அப்பா என்னைத் துணைக்கு அனுப்பினார். எட்டு வயதுத் துணை! ஹோட்டலில் என்னை ஓரமாக ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். ஆறு, கரை, மண், திராட்சை என்று அத்தை தங்குதடையில்லாமல் கொட்டினாள். அப்புறம்தான் கேள்வி கேட்ட அதிகாரி ஒரு கோப்பையை முன்னால் வைத்து, குடித்துப் பார்த்து என்ன ஒயின் என்று சொல்லச் சொன்னார். அத்தை ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு, வீட்டில் நாங்கள் எல்லோரும் தண்ணீர் குடிப்பது போலவே, உதட்டில் படாமல் அண்ணாந்து ஊற்றிக்கொண்டாள். பாதி வாயில், பாதி புடவையில். பணியாட்கள் பக்கென்று சிரித்துவிட்டார்கள். போச்சு, எல்லாம் போச்சு என்று நான் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன்.

அத்தை வாயைத் துடைத்துக்கொண்டு, "சோதெர்ன்" என்றாள்.

அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு, சரிதான் என்று தலையாட்டினார். "குடிக்கக் கற்றுக்கொடுத்துவிடலாம்" என்று பக்கத்திலிருந்தவரிடம் இந்தியில் சொன்னார்.

திரும்பும்போது ரயிலில் அத்தை என் கையைப் பிடித்து, "வீட்ல நீ வாயைத் திறக்காதே. நான் சொல்லிக்கறேன்" என்றாள். பாவம், பயப்படுகிறாள் என்று நினைத்தேன்.

மாலையில் கல்யாண்காரர்கள் வந்தார்கள். பேச்சில் ஹோட்டல் வேலை வந்ததும், பிள்ளையின் அம்மா பஜ்ஜியை எடுத்தபடி, "ஹோட்டல்ல வேலைன்னா, ரிசப்ஷனா?" என்று கேட்டாள்.

"இல்லே மாமி. ஒயின் விக்கற வேலை. காலம்பற நானும் ஒரு வாய் குடிச்சேன். நன்னாத்தான் இருந்தது."

பஜ்ஜி தட்டுக்கே திரும்பிப் போனது. கொஞ்ச நேரத்தில் அவர்களுக்கு ரயில் ஞாபகம் வந்துவிட்டது.

"வாயை வெச்சுண்டு சும்மா இருக்கப்படாதா?" என்று அப்பா கத்தினார்.

"கேட்டா, சொன்னேன். மறைச்சுண்டு போய் அவாத்துல நான் எத்தனை நாள் இருப்பேன் அண்ணா?" அத்தையின் குரலில் நடுக்கமே இல்லை.

எனக்குத்தான் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அசடு, உளறிக் கொட்டிவிட்டதே என்று அத்தைக்காகப் பிள்ளையார் படத்தின் முன்னால் தோப்புக்கரணம் போட்டேன். கல்யாண்காரர்கள் மனசு மாறித் திரும்பி வரவேண்டும் என்று மனமுருக வேண்டிக்கொண்டேன். அந்த வேண்டுதல் மட்டும் பலித்திருந்தால், அத்தை என்னை ஜென்மத்துக்கும் மன்னித்திருக்க மாட்டாள்.