கடலைச் சேராத சாலை

அஞ்சலாட்சிக்குப் பின் பிறந்த மூன்று ஆண்பிள்ளைகள் வரிசையாகப் போய்விட்டன. நாலாவது பிள்ளையாவது எமன் கண்ணில் படாமல் தப்பட்டும் என்று அதற்கு மண்ணாங்கட்டி என்று பெயர் வைத்தார்கள். எமனும் ஏமாந்து போனான். தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் அஞ்சலாட்சிதான். அந்தத் தம்பிதான் பிற்காலத்தில் புதுச்சேரியில் தெரு அளக்கும் ஆபீசில் சங்கிலி பிடிப்பவர் ஆனார்.

சங்கிலி பிடிப்பது என்றால் லேசான வேலை இல்லை. இஞ்சினியர் துரை கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு கண்ணை விட்டுக்கொண்டு கையை ஆட்டுவார். கை நிற்கும் இடத்தில் மண்ணாங்கட்டி சங்கிலியை இழுத்துப் பிடித்து, முளைக்குச்சியை அடித்து, அதன் தலையில் சுண்ணாம்பு பூச வேண்டும். வெயிலில் மண்டை வெடிக்கும். ஆனாலும் காக்கிச் சட்டை போட்ட சர்க்கார் ஆள் என்று தெருவில் நாலு பேர் வணக்கம் சொல்வார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் மப்பு உண்டு.

புதுச்சேரிக்குப் பிளான் போடுவதில் என்றைக்குமே அலுப்பு கிடையாது. கப்பலை விட்டு இறங்குகிற ஒவ்வொரு துரையும் ஒரு பிளான் போடுவார். இங்கே மார்க்கெட், அங்கே வாய்க்கால், அந்தப் பக்கம் துறைமுகம். பிளான் காய்வதற்குள் அவர் மறுபடி கப்பல் ஏறிவிடுவார். காகிதம் பீரோவுக்குள் போய்க் கரையானுக்கு ஆகாரமாகும். மண்ணாங்கட்டி இருபத்திரண்டு வருஷத்தில் அடித்த முளைகளில் பத்துக்கு இரண்டுகூடத் தெருவானதில்லை. மீதியை ஜனங்கள் பிடுங்கி அடுப்பெரித்துவிட்டார்கள். அதனால் பிளான் என்றாலே அவருக்குச் சிரிப்புத்தான் வரும்.

முளை அடித்ததும் ஆபீஸ் வராந்தாவில் ஒரு நீள நோட்டை முப்பது நாள் திறந்து வைப்பது வழக்கம். கோடு போகிற இடத்தில் வீடு உள்ளவர்கள் வந்து பெயரையும் குறையையும் எழுதலாம். எழுதத் தெரியாவிட்டால் வாயால் சொன்னால் குமாஸ்தா எழுதிக்கொண்டு கைநாட்டு வாங்குவார். யாரும் வருவதில்லை. சர்க்கார் படியேறினால் இருப்பதும் போய்விடும் என்ற பயம் ஊரில் எல்லோருக்கும் இருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துநாலாம் வருஷம் மாசி மாதம் ஒரு புது இஞ்சினியர் வந்தார். வடக்கே இருந்த ஒரு பஞ்சாலையிலிருந்து நேரே கடலுக்கு ஒரு சாலை போட வேண்டும், துணிக்கட்டுகள் அதில் இறங்கிக் கப்பல் ஏற வேண்டும் என்பது அவர் பிளான். கோடு குருசுக்குப்பத்துக்கு மேற்கே இருபது வீடுகள் இருந்த ஒரு மண்மேட்டின் மேல் போயிற்று. அங்கேதான் அஞ்சலாட்சி இருந்தாள். புருஷன் படகோடு போனபின் தானே மண் குழைத்துச் சுவர் எழுப்பி, நாட்டு ஓடு போட்ட வீடு. விடியற்காலையில் ஆலைச் சங்கு ஊதுவதற்குள் அவளுடைய மூன்று அடுப்பிலும் ஆப்பம் வெந்துகொண்டிருக்கும். வேலைக்குப் போகிறவர்கள் வாசலில் நின்றே தின்றுவிட்டுப் போவார்கள். துரையின் கை நின்ற இடம் அந்த அடுப்படி. மண்ணாங்கட்டி தன் கையாலேயே முளையை அடித்தார்.

"இன்னாடா இது, என் அடுப்பாண்ட வந்து குச்சி நடுற?" என்றாள் அஞ்சலாட்சி.

"ரோடு வரப்போவுதாம்க்கா. நீ வேற. இந்த மாரி எத்தினி பார்த்திருக்கேன். ஆட்ட இழுத்தாந்து அதுல கட்டு, மழைக்குள்ள அதுவே சாஞ்சிடும்."

"பக்கத்து ஊட்டு சுலோசனா ஆபீசுக்குப் போயி எழுதப் போறாளாம். என்னியும் கூப்புடறா."

மண்ணாங்கட்டி பதறிப்போனார். அக்காள் வீட்டு மனைக்குப் பத்திரம் கிடையாது. மாமனார் காலத்திலிருந்து இருக்கிறாள், அவ்வளவுதான். பேரை எழுதப் போய், பத்திரம் எங்கே என்று கேட்டால்? வராத சாலைக்காக இருக்கிற வீட்டைக் காட்டிக்கொடுத்ததாக ஆகிவிடும்.

"நீ போவாதக்கா. பத்திரம் இல்லன்னு தெரிஞ்சா ஊடே போயிடும். நான் ஆபீசுலதான் இருக்கேன், எனக்குத் தெரியாதா?"

தம்பிக்குத் தெரியாதது உண்டா? அஞ்சலாட்சி போகவில்லை. அவளைப் பார்த்து இன்னும் எட்டு வீட்டுக்காரர்களும் போகவில்லை. முப்பதாம் நாள் குமாஸ்தா அமலநாதன் கடைசிப் பெயருக்குக் கீழே சிவப்பு மையால் கோடு இழுத்து நோட்டை மூடினார்.

இந்தத் தடவை துரை கப்பல் ஏறவில்லை. ஆலைக்காரர்கள் மேலிடத்தில் பேசி முடுக்கிவிட்டார்கள். ஆடி மாதம் கடப்பாரையோடு கூலியாட்கள் வரப்போகிறார்கள் என்று தெரிந்ததும் மண்ணாங்கட்டி அமலநாதனிடம் ஓடினார்.

"ஐயா, எங்கக்கா பேர ஒண்ணு சேத்துடுங்க. உங்க கால்ல வுழறேன்."

"கோடு போட்டாச்சேப்பா. எழுதுன பதினோரு பேருக்கும் உழவர்கரைப் பக்கம் மாத்து மனை குடுக்கச் சொல்லி உத்தரவு வந்துடுச்சு. எழுதாதவங்களுக்கு ஆட்சேபம் இல்லன்னுதான் கணக்கு."

"அந்தப் பதினோரு பேருகிட்டயும் பத்திரம் இருந்துச்சா?"

அமலநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யாருப்பா பத்திரம் கேட்டா? பேரத்தான் கேட்டோம்."

மண்ணாங்கட்டி வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டார். இருபத்திரண்டு வருஷம் அந்த வராந்தா வழியாகப் போய் வந்தவர், அந்த நோட்டில் என்ன கேட்கிறார்கள் என்று ஒரு நாள்கூட எட்டிப் பார்த்ததில்லை. எல்லாம் தெரிந்தவர் அல்லவா, அவர் ஏன் பார்க்கப் போகிறார்?

இடிக்கிற அன்றைக்கும் சங்கிலி பிடித்தது அவர்தான். லீவு கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. அஞ்சலாட்சி பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்து வந்து பூவரச மரத்தடியில் வைத்தாள். தெருவில் தம்பி நீட்டிப் பிடித்திருந்த சங்கிலியை ஒவ்வொரு தடவையும் மிதிக்காமல் தாண்டித்தான் வந்தாள். சர்க்கார் சாமான், மிதித்தால் தம்பிக்கு ஏதாவது ஆகிவிடும் என்று நினைத்தாளோ என்னவோ. சுவர் விழுந்தபோது அவள் அழவில்லை. அவர் அழுதார், தூசி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சுலோசனால்லாம் உழவர்கரைக்குப் போறாங்களாமே?" என்று அன்று சாயங்காலம் கேட்டாள்.

"அவங்க சொந்தக்காரங்க யாரோ எடம் குடுத்திருக்காங்கக்கா" என்றார். அந்தப் பொய் வாயிலிருந்து எவ்வளவு சுலபமாக வந்தது என்று பிறகு அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

அவள் தம்பி வீட்டுப் பின்கட்டில் ஒண்டிக்கொண்டாள். தம்பி பெண்டாட்டி ராஜாம்பாள் கெட்டவள் இல்லை. ஆனாலும் சொந்தச் சோற்றைத் தின்ற கை இன்னொருத்தி போடும் சோற்றுக்குக் காத்திருப்பது கொடுமைதான். அஞ்சலாட்சி கேட்டு வாங்கித் தின்றதே இல்லை. நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி பேசிக்கொண்டிருந்தவளின் குரல் பின்கட்டில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் போயிற்று.

சாலை வளர்ந்துகொண்டே வந்தது. அதற்குள் ஊர் நிலைமை மாறிவிட்டது. முப்பத்தாறில் ஆலைகளில் வேலைநிறுத்தம் வந்தது, துப்பாக்கி வெடித்தது, பிணங்கள் விழுந்தன. அந்த வடக்கு ஆலை பல மாதம் சங்கு ஊதவில்லை. வந்துகொண்டிருந்த ஒன்றிரண்டு கப்பல்களும் குறைந்தன. ஜல்லி கொட்டுவது நின்றது. துரை கடைசியில் கப்பல் ஏறினார். அஞ்சலாட்சி வீடு இருந்த இடத்தைத் தாண்டி ஐம்பது தப்படி போய், தாழம்புதரும் மணலுமாக இருந்த இடத்தில் சாலை நின்றுவிட்டது. கடல் இன்னும் எவ்வளவோ தூரத்தில் இருந்தது. பிளான் பீரோவுக்குள் போயிற்று. மண்ணாங்கட்டி சொன்னது அப்படியே பலித்தது, என்ன, அக்காள் வீட்டை விழுங்கிவிட்டுப் பலித்தது.

முப்பத்தெட்டில் ஆலை அரைகுறையாக ஓடத் தொடங்கியதும் அஞ்சலாட்சி ஒரு தூக்கடுப்பை எடுத்துக்கொண்டு போனாள். அந்த மொட்டைச் சாலையில், தன் அடுப்படி இருந்த இடத்திலேயே உட்கார்ந்து ஆப்பம் சுட்டாள். வண்டி வராத சாலையில் அவளை யார் எழுப்பப் போகிறார்கள்?

ஒரு நாள் காலையில் மண்ணாங்கட்டி அங்கே போய் எதிரில் குந்தினார். அவள் இலையில் ஒரு ஆப்பத்தை வைத்து நீட்டினாள்.

"ஏன்டா, இந்த ரோடு எங்க போவுது?"

ஊரில் உள்ள தெருவெல்லாம் எத்தனை மீட்டர் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிறவர் அவர். "எங்கியும் போவலக்கா" என்றார்.

"அப்ப எதுக்குடா என் ஊட்ட இடிச்சாங்க?"

அவரால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. "அக்கா, அன்னைக்கு நீ போயி எழுதியிருந்தா உனுக்கும் மனை குடுத்திருப்பாங்க. பத்திரமே கேக்கல. நான்தான் போவாதன்னு சொல்லிக் கெடுத்துட்டேன். உன்கிட்டச் சொல்லாம மறைச்சுட்டேன்."

அஞ்சலாட்சி கரண்டியால் மாவைக் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

"தெரியும்டா. மனை கெடச்ச அன்னைக்கே சுலோசனா வந்து சொல்லிட்டா."

"நாலு வருசமா தெரியுமா? ஒரு வார்த்த கேக்கலியேக்கா."

அவள் முதல் தடவையாக நிமிர்ந்து தம்பியின் முகத்தைப் பார்த்தாள்.

"கேட்டுட்டு உன் ஊட்டுல எப்படிடா சோறு தின்றது? எனக்குப் போறதுக்கு வேற எடம் ஏது?"

மண்ணாங்கட்டி இலையைக் கீழே வைத்துவிட்டு நடுச்சாலையில் உட்கார்ந்து அழுதார். ஆலைச் சங்கு ஊதியது. ஆப்பம் வாங்க வந்தவர்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். அக்காள் அவரைச் சமாதானப்படுத்தவில்லை. வந்தவர்களுக்கு ஆப்பம் எடுத்துக் கொடுத்தாள்.