எதிரணிக்குக் கைதட்டியவர்

ஞாயிறு காலை பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில், கம்பெனி சீருடையில் ஒருவர் போனில் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பார்த்துக்கொண்டிருந்தார். அதுவும் இரண்டாம் தர அணிகளின் பிளேஆஃப்! இந்தப் பக்கத்தில் அதைப் பார்க்கிற ஒரே ஆள் நான்தான் என்று நினைத்திருந்தேன். ஓடிப்போய் ஒட்டிக்கொண்டேன். நரைத்த மீசை. சட்டை நுனியால் போன் திரையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"மஞ்சள் ஜெர்ஸிதான் என் டீம் அங்கிள். நீங்க?"

"எம் பொண்ணு அந்த மஞ்ச டீம் காலேஜ்லதான் கீது. படிச்சிக்கினே டீமுக்கு வீடியோ எடுக்குது."

ஆனால் எதிரணி முன்னேறும்போதெல்லாம் கைதட்டினார்.

"தப்பான டீமுக்குத் தட்டுறீங்க!"

"இவனுங்க தோத்து சீசன் முடிஞ்சாத்தான் நைனா அது ஊட்டுக்கு வரும். செயிச்சிக்கினே கீறானுங்க. போன பொங்கலுக்கும் வர்ல."

கடைசி நிமிடத்தில் மஞ்சள் வென்றது. கொஞ்ச நேரத்தில் வீடியோ காலில் மகளின் கூச்சல். "சூப்பர்மா! நான் அப்பவே சொன்னேன்ல!" என்று இவரும் கூவினார். போனை வைத்ததும் என்னிடம் திரும்பினார்.

"அடுத்த வாரம் இவனுங்கள எதிர்த்து வர்றவனுங்க நல்லா ஆடுவானுங்களா?"

அது சுமாரான அணிதான். "பின்னியெடுப்பாங்க அங்கிள்" என்றேன்.

சீசன் முழுக்க மஞ்சளுக்காகத் தொண்டை கிழியக் கத்தியவன் நான். அந்த வாரம் மட்டும் யாருக்காகக் கத்துவது என்றே தெரியவில்லை.