மூக்கு வைக்காத கூஜா

மகள் களிமண்ணில் டீ கூஜா செய்துகொண்டிருந்தாள். மூக்கு ஒட்டும் இடத்தில் ஓட்டை போடக் கத்தியை எடுத்ததும், என் கை தானாகப் போய் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. ஏனென்று எனக்கே தெரியவில்லை. ஈரமண் வாசனை மட்டும் நான் பிறந்து வளர்ந்த பூவம் கிராமத்து வீட்டு வாசனையாக இருந்தது.

அங்கே பானை வனையும் சக்கரம் அப்பாவுடையது, பெண்கள் தொடக்கூடாது. அம்மா மண்ணைத் திரியாக உருட்டி, சுற்றிச் சுற்றி அடுக்கியே கூஜா செய்வாள். பிரான்சிலிருந்து திரும்பியிருந்த ஒரு மதாம் டீ கூஜா கேட்டிருந்தார். அப்பா காரைக்கால் ஆஸ்பத்திரியில் கிடந்த நேரம். கூஜாவையும் மூக்கையும் செய்து முடித்த அம்மா, இரண்டையும் ஒட்டாமல் ஈரச்சாக்கில் மூடி வைத்திருந்தாள்.

மதாம் வந்து, "என்னம்மா, ஆச்சா?" என்றார்.

"இன்னும் காயலைங்க" என்றாள் அம்மா. அவர் போனதும் சாக்கில் தண்ணீர் தெளித்தாள்.

காயவில்லை என்றவள் எதற்கு நனைக்கிறாள்? கேட்டேன். "போயி வெளாடு" என்றாள்.

அப்பா வீடு திரும்பிக் கால் கழுவுவதற்குள், அம்மா கூஜாவில் ஓட்டை போட்டு மூக்கை ஒட்டிவிட்டாள்.

பல வருஷம் கழித்து அப்பாவின் சிதையைத் தண்ணீர்க்குடத்தோடு சுற்றிவந்தேன். பின்னால் வந்தவர் அரிவாள் நுனியால் குடத்தில் ஓட்டை போட்டார். முதுகில் தண்ணீர் வழிந்தபோது அந்த ஈரச்சாக்கு ஞாபகம் வந்தது. இந்த ஓட்டைக்குப் பயந்துதானா அன்று தள்ளிப்போட்டாள் என்று கேட்க அம்மாவும் இல்லை. இதையெல்லாம் நான் நம்புகிறேனா என்றும் தெரியவில்லை.

"விடுங்கப்பா, மண்ணு காஞ்சிடும்" என்றாள் மகள்.

"ஈரத்துணி போட்டு மூடி வை. உங்கம்மா ஆஸ்பத்திரியிலேருந்து வந்துரட்டும்" என்றேன்.