பதினான்காம் எண் ஆணி

ஊரில் அவருக்குப் பெயர் மில்லிமீட்டர். நகராட்சியின் நில அளவுப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதமே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அப்போது அவருக்கு வயது முப்பது. தெருவில் முக்காலியை விரித்து, லெவல் கருவியை அதன்மேல் பொருத்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தாரானால் லேசில் நிமிர மாட்டார். எதிரே அளவுகோலைப் பிடித்துக்கொண்டு நிற்கும் கோல்காரருக்குக் கை மரத்துப்போகும். “சார், இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே நின்னா இந்தக் கோல் வேர் விட்டுரும்” என்பார் கோல்காரர். இவர் மறுபடியும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் எழுதுவார். பென்சிலால் எழுதுவார். தவறாக எழுதியதை அழிக்க மாட்டார். ஒரே கோட்டால் அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதுவார். அடித்ததும் படிக்கும்படி இருக்க வேண்டும் என்பது அவருடைய கட்சி.

வேலை எளிமையானதுதான். ஊரின் தாழ்வான பகுதியில், கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவே இருந்த பதினொரு தெருக்களில், வீட்டுச் சுவர்களின் அடிப்பாகத்தில் நாற்பத்தாறு இரும்பு ஆணிகள் அறையப்பட்டிருந்தன. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வோர் ஆணியின் உயரத்தையும் அளக்க வேண்டும். நிலம் அசைகிறதா என்று பார்ப்பதற்காக அந்த ஏற்பாடு. அளவைத் தொடங்கும் இடம் குடிநீர் நிலைய வளாகத்தில் இருந்த ஆதாரக் கல். இடுப்புயரக் கருங்கல், தலையில் ஒரு பித்தளைக் குமிழ், பக்கவாட்டில் ‘3.412’ என்று செதுக்கியிருந்தது. கடல் மட்டத்துக்கு மேல் அத்தனை மீட்டர் என்று பொருள். அந்த எண்ணிலிருந்து தொடங்கித்தான் நாற்பத்தாறு ஆணிகளுக்கும் எண் கிடைத்தது.

பதினான்காம் எண் ஆணி அவருடைய தங்கை வீட்டுச் சுவரில் இருந்தது. தங்கையைக் கட்டியவர் தையல்காரர், ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைந்த உயரம். முன்னறையில் இரண்டு தையல் இயந்திரங்கள், பின்னால் சமையலறை, அதற்குப் பின்னால் படுக்கை. இவர் அளக்க வருகிற நாள் தங்கைக்குத் தெரியும். முதல் நாளே ஆணியைச் சுற்றியிருந்த பாசியைச் சுரண்டி, துணியால் துடைத்து வைத்துவிடுவாள். கோல்காரருக்கும் சேர்த்து மூன்று தம்ளர் தேநீர் தயாராக இருக்கும். ஊரே மில்லிமீட்டர் என்று கூப்பிட்டாலும் அவள் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. யாராவது அவள் காதுபடச் சொன்னால் சண்டைக்குப் போவாள்.

அவர் வேலைக்குச் சேர்ந்தபோது குடிநீர் நிலையத்தில் நான்கு ஆழ்குழாய்கள் இருந்தன. ஒன்பதாம் ஆண்டில் பதினேழு. அதற்குள் சாயப்பட்டறைகளும் ஐஸ் ஆலையும் தண்ணீர் அடைத்து விற்கும் ஆலையும் வந்து, ஆளுக்கு நான்கைந்து துளை போட்டுக்கொண்டன. அடுக்குமாடிகள் எழும்ப எழும்ப ஒவ்வொன்றின் கீழும் ஒரு துளை. ஆறு சாயம் கலந்து கெட்டுவிட்டதால் குடிக்கவும் குளிக்கவும் நிலத்தடி நீரைத் தவிர வேறு கதியில்லை. பகலெல்லாம் லாரிகள் குடிநீர் நிலையத்துக்குள் போவதும் வருவதுமாக இருந்தன.

மூன்றாம் ஆண்டில் முதல் விசித்திரம் தென்பட்டது. நாற்பத்தாறு ஆணிகளும் மூன்று, நான்கு மில்லிமீட்டர் உயர்ந்திருப்பதாகக் கருவி காட்டியது. இவர் மூன்று முறை திரும்ப அளந்தார். அதே விடை. மேலதிகாரியிடம் போனார். அவர் சிரித்துவிட்டார். “நிலம் என்ன புளிச்ச மாவா, பொங்கி எழும்புறதுக்கு? நல்லாப் பாருங்க.”

நிலம் எழும்பாது என்பது இவருக்கும் தெரியும். இரண்டு நாள் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். ஆணிகள் நாற்பத்தாறு, கல் ஒன்று. நாற்பத்தாறு சாட்சிகள் ஒன்றுபோலச் சொல்ல, ஒருவன் மட்டும் மாற்றிச் சொன்னால் யாரை நம்புவது? ஆணிகள் இருந்த இடத்தில் இருக்கின்றன. கல்தான் லாரிகளின் கனத்தில் நாலு மில்லிமீட்டர் அமிழ்ந்திருக்கிறது. அன்றைக்குக் கல்லின் உயரத்தை 3.408 என்று திருத்தினார். ஆணிகளுக்கு நேரே ‘மாற்றம் இல்லை’ என்று எழுதினார். கையெழுத்திட்டுத் தேதி போட்டார்.

அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கல்லைக் கொஞ்சம் இறக்குவதும் ஆணிகளுக்கு ‘மாற்றம் இல்லை’ என்று எழுதுவதும் வழக்கமாகிவிட்டது. ஒரு திருத்தத்தைக்கூட அவர் மறைக்கவில்லை. எல்லாம் காரணத்தோடு பதிவேட்டில் இருந்தது. அவருக்குப் பின்னால் வருகிறவர் யாராக இருந்தாலும் ஒரு விரல்கூடக் குற்றம் சொல்லி நீட்ட முடியாத பதிவேடு.

தெருவிலோ நிலைமை வேறாக இருந்தது. முதலில், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் பொங்கும் நாட்களில் சாக்கடை பின்னோக்கி ஓடியது. பிறகு தண்ணீர் வாசற்படிக்கு வந்தது. நகராட்சி தெருவை மண்ணடித்து உயர்த்தித் தார் போட்டது. மூன்று வருடம் கழித்து மறுபடி உயர்த்தியது. வீடுகள் பள்ளத்தில் கிடந்தன. வீடு இறங்கியதாக ஒருவரும் சொல்லவில்லை. ரோடு ஏறிவிட்டது என்றார்கள். கடல் ஏறுகிறது என்றும் சொன்னார்கள். அதில் பொய் இல்லை. உலகமெல்லாம் விட்ட புகைக்குக் கடல் கொஞ்சம் ஏறத்தான் செய்திருந்தது. மேலதிகாரிக்கு அது வசதியாகப் போயிற்று. கடல் ஏறுவது உலகத்துப் பிரச்சினை, நம் அலுவலகத்து வேலை அல்ல என்று மனுக்களின் ஓரத்தில் எழுதி மூடினார். கூடவே மில்லிமீட்டரின் பதிவேட்டிலிருந்து ஒரு வரி: நிலத்தில் மாற்றம் இல்லை.

தங்கை வீட்டில் தரையை முப்பது சென்டிமீட்டர் உயர்த்தினார்கள். கூரையையும் வாசல் நிலையையும் உயர்த்த யாரால் முடியும்? தையல்காரர் குனிந்து உள்ளே நுழையப் பழகிக்கொண்டார். ஆணி இப்போது தெருமட்டத்துக்குக் கீழே போய்விட்டது. அது மண்ணுக்குள் புதைந்துவிடாமல் தங்கை சுற்றிலும் செங்கல் வைத்து ஒரு சிறு குழி கட்டினாள், அண்ணன் கோலை இறக்குவதற்குத் தோதாக. மழை பெய்தால் குழியில் நிற்கும் தண்ணீரைத் தகர டப்பாவால் மொண்டு ஊற்றுவாள்.

பத்தொன்பதாம் ஆண்டில் தையல்காரரின் அண்ணன், மேட்டுப்பகுதியில் பாறைமேல் கட்டியிருந்த தன் வீட்டில் பாதியை எடுத்துக்கொள்ளச் சொன்னார். பிள்ளைகள் வெளியூர் போய்விட்டதால் வீடு காலியாகக் கிடந்தது. தையல்காரருக்குப் போக மனது இருந்தது. தங்கைக்கு வாடிக்கையாளர்களையும் தெருவையும் விட மனம் வரவில்லை. தன் அண்ணனைக் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம் என்றாள்.

அவர் பதிவேட்டையே எடுத்துக்கொண்டு வந்தார். தையல் மேசையில் விரித்து, பதினான்காம் எண்ணுக்கு நேரே வரிசையாக விரலை ஓட்டிக் காட்டினார்.

“நிலம் அசையல, பாப்பா. முப்பத்தெட்டு தடவை அளந்திருக்கேன்.”

“அப்ப இந்தத் தண்ணி?”

“கடல் வருஷத்துக்கு மூணு, நாலு மில்லிமீட்டர் ஏறுது. ரோட்டையும் ஏத்திட்டாங்க. இன்னொரு தடவை தரையை உயர்த்துனா உன் காலத்துக்குப் போதும்.”

அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். “அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

தரையை இன்னும் முப்பத்தைந்து சென்டிமீட்டர் உயர்த்தினார்கள். மின்விசிறி தையல்காரரின் தலையில் இடிக்கும் என்பதால் கழற்றிவிட்டு மேசை விசிறி வாங்கினார்கள். மேட்டு வீட்டின் பாதியை வேறு உறவினர் எடுத்துக்கொண்டார்.

இருபத்தேழாம் ஆண்டில், ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கையில், ரயில்வேயிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஊருக்கு ஒன்பது கிலோமீட்டர் தள்ளி ஆற்றுப்பாலம் ஒன்று பாறைமேல் நின்றது. அதன் தூணில் ஓர் உயரக் குறி இருந்தது. புதுத் தண்டவாளத்துக்காக அந்தக் குறியையும் நகராட்சிக் கல்லையும் ஒப்பிட்டுத் தர வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். மேலதிகாரி இவரை அனுப்பினார்.

இவரும் கோல்காரரும் பாலத்திலிருந்து ஊரை நோக்கி அளந்துகொண்டு வந்தார்கள். நாலு நாள், நூற்றுப் பன்னிரண்டு இடங்களில் முக்காலியை நட்டு அளந்தார்கள். ஐந்தாம் நாள் காலை ஆதாரக் கல்லின் குமிழில் கோலை நிறுத்திக் கணக்கைக் கூட்டினார். கல்லின் உயரம் 3.219 என்று பதிவேடு சொன்னது. பாறையிலிருந்து கொண்டுவந்த கணக்கு 2.027 என்றது.

ஒரு மீட்டருக்கு மேல் வித்தியாசம். கோலில் ஒரு மீட்டரைப் பிசகிப் படித்துவிடுவது இந்தத் தொழிலில் யாருக்கும் வரக்கூடிய தவறு. தனக்கு அது வந்துவிட்டது என்று இவருக்கு முதலில் வெட்கமாக இருந்தது. கோல்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். மறுபடியும் ஒன்பது கிலோமீட்டர், மறுபடியும் நாலு நாள். விடை 2.029.

குடிநீர் நிலையத்துத் திண்டில் உட்கார்ந்துகொண்டார். பின்னால் குழாய்கள் இரைந்துகொண்டிருந்தன. கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. கீழேயிருந்து தண்ணீரை உறிஞ்ச உறிஞ்சக் களிமண் நசுங்கி ஊர் மொத்தமும் இறங்கியிருக்கிறது. உறிஞ்சும் இடத்தில் நின்ற கல் மற்றதைவிடக் கொஞ்சம் அதிகம் இறங்கியது. அந்தக் கொஞ்சத்தைத்தான் இவர் இருபத்தைந்து வருடமாகத் திருத்திக்கொண்டிருந்தார். மற்ற ஒரு மீட்டர் பத்தொன்பது சென்டிமீட்டரை நாற்பத்தாறு ஆணிகளும் சேர்ந்து இறங்கி மறைத்துவிட்டன. ஓடுகிற படகில் இருந்துகொண்டு, பக்கத்தில் இருப்பவர் நகர்ந்தாரா என்று அளந்திருக்கிறார்.

“சார், ஆணி ஏறலைன்னு அன்னிக்கே எனக்குத் தெரியும்” என்றார் கோல்காரர், ஆறுதல் சொல்கிற நினைப்பில். இவர் தலையாட்டினார். தனக்கும் அது தெரிந்திருந்ததுதான் கோளாறு என்று பட்டது.

அறிக்கையை ஒன்பது பக்கத்தில் எழுதினார். தன் தவறை முதல் பத்தியிலேயே வைத்தார். மேலதிகாரி படித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார்.

“கல்லு கீழ போச்சுன்னா கல்லை மாத்தலாம். ஊரே கீழ போகுதுன்னு எழுதுறீங்க. ஊரை எங்க மாத்துறது?”

துளைகளை நிறுத்தலாம் என்றார் இவர். நிறுத்தினால் நாளைக் காலை குடிக்க என்ன செய்வது என்று அவர் கேட்டார். ஆற்றைக் காட்ட இவரால் முடியவில்லை. மேலும், நிறுத்தினாலும் இறங்கியது ஏறாது. பஞ்சைப் பிழிந்தால் திரும்பவும் உப்பும். நசுங்கிய களிமண் உப்பாது. அறிக்கை அலமாரிக்குள் போயிற்று. அந்த வருடம் குடிநீர் நிலையத்தில் இன்னும் மூன்று துளை போட்டார்கள்.

தங்கையிடம் சொல்லாமல் இருந்துவிடலாம் என்று பதினோரு நாள் நினைத்தார். பன்னிரண்டாம் நாள் மதியம் போனார். கடல் ஏறியிருந்த நேரம். தெருவில் கணுக்கால் அளவு கறுப்புத் தண்ணீர். உள்ளே தரையில் ஈரம் ஊறியிருந்தது. தையல்காரர் காலைக் குறுக்குக் கட்டைமேல் தூக்கி வைத்துக்கொண்டு தைத்தார். தங்கை வாசலில் சாக்கைப் பிழிந்து போட்டுக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். தையல் இயந்திரம் நின்றது.

“எந்த வருஷத்துலேர்ந்து?” என்றாள்.

“ஆரம்பத்துலேர்ந்தே.”

“நான் கேட்டேனே, அந்த வருஷம்?”

“அதுக்குள்ள அறுபது, எழுபது சென்டிமீட்டர் இறங்கியிருக்கணும். சரியாச் சொல்ல முடியாது.”

அவள் சாக்கைக் கீழே போட்டாள். “சரியாச் சொல்ல முடியாதா, மில்லிமீட்டருக்கு?”

தையல்காரர் நிலைமையைச் சமாளிக்கப் பார்த்தார். “நல்லவேளை மச்சான். வயசாகித்தான் கூன் விழுதோன்னு நினைச்சுட்டிருந்தேன்.” தங்கை உள்ளே போய் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதன்பின் எட்டு மாதம் அவள் அண்ணனோடு பேசவில்லை. அந்த மழைக்காலத்தில் தண்ணீர் இரண்டு முறை உயர்த்திய தரையையும் தாண்டி வந்தது. ஓர் இயந்திரம் துருவேறி ஓடாமல் போயிற்று. மூன்றாம் முறை தரையை உயர்த்தினால் தையல்காரரால் நிமிர்ந்து நிற்கவே முடியாது. போக இடமும் இல்லை. இந்தச் செய்தியெல்லாம் மாப்பிள்ளை வழியாகத்தான் அவருக்கு வந்தது. தங்கை எப்படி இருக்கிறாள் என்று கேட்டால், “வேலையாத்தான் இருக்கா, தண்ணி மொள்ளுற வேலை” என்பார்.

அவர் ஓய்வு பெற்றார். கோல்காரர் முழங்கால் வலியோடு மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அளவுப் பிரிவில் அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. அலுவலகம் தள்ளிவிட்ட பழைய கருவியையும் கோலையும் எழுதிக் கேட்டு வாங்கிவந்தார். கோலை நிறுத்தக் கூலிக்கு ஓர் ஆளை வைத்துக்கொண்டு, பாலத்துப் பாறையிலிருந்து ஆறு நாள் அளந்துவந்தார். யாரும் அவரை அளக்கச் சொல்லவில்லை. ஏழாம் நாள் அந்த ஆள் வரவில்லை. மீதி இருந்தது தங்கையின் தெருதான்.

காலை பத்து மணி. கடல் இறங்கும் நேரம்தான், ஆனாலும் தெருவில் தண்ணீர் வற்றவில்லை. செங்கல் குழி நிறைந்து தெருவோடு தெருவாகிவிட்டது. கையைத் தண்ணீருக்குள் விட்டுத் தடவிப் பதினான்காம் எண் ஆணியைக் கண்டுபிடித்தார். தலையில் பாசி இல்லை, யாரோ துடைத்திருந்தார்கள். கோலை அதன்மேல் நிறுத்தினார். ஆனால் கோலையும் பிடித்துக்கொண்டு முப்பது மீட்டர் தள்ளி நின்று பார்க்க ஒருவரால் முடியாது. சுவரில் சாய்த்துப் பார்த்தார், சரிந்தது.

தங்கை குனிந்து வாசலைக் கடந்து வெளியே வந்தாள். புடவையைத் தூக்கிச் செருகியிருந்தாள். அவர் கையிலிருந்து கோலை வாங்கி, தண்ணீருக்குள் காலால் ஆணியைத் தேடி, அதன்மேல் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

அவர் முக்காலியிடம் போய்க் குனிந்தார்.

“நேரா இருக்கா?” என்றாள்.

“கொஞ்சம் உன் பக்கம். போதும். நேரா இருக்கு.”

அவர் ஒருமுறை பார்த்தார், திரும்பவும் பார்த்தார், பென்சிலால் எழுதினார். முந்தைய அளவைப் பாறைக் கணக்குக்கு மாற்றி வைத்திருந்தார், அதோடு கழித்துப் பார்த்தார். எட்டு மாதத்தில் முப்பத்தொன்பது மில்லிமீட்டர். ‘மாற்றம்’ என்ற பத்தியில் அந்த எண்ணை எழுதிக் கையெழுத்திட்டுத் தேதி போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

அவள் இன்னும் கோலைப் பிடித்தபடி தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு என்று கேட்கவில்லை.