பண்டரிபுரத்தில் அம்மா மாறிய வரிசை

திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த அம்மாவுக்கு முழங்கால் வலி. அதனால் பண்டரிபுரத்தில் அவள் அதிகம் நிற்காதபடி எல்லாம் திட்டமிட்டேன். புனேயிலிருந்து கார், கூட்டமில்லாத வார நாள், விட்டலனின் முகத்தை மட்டும் தூரத்திலிருந்து பார்க்கும் சின்ன வரிசை.

பக்கத்து நீண்ட வரிசையில் நின்ற பெண் மராத்தியில் ஏதோ சொன்னாள். அம்மா என்னைப் பார்த்தாள்.

"அதுல போனா சாமி காலைத் தொட்டுக் கும்பிடலாமாம்," என்றேன்.

"நாம தொடலாமா? ஐயரு ஏச மாட்டாரா?"

வாழ்நாளெல்லாம் கம்பிக்கு இந்தப் பக்கமே நின்று கும்பிட்டவள். வரிசை மாறினோம். உட்காரச் சொன்னபோதெல்லாம் மறுத்துவிட்டாள். விட்டலனின் பாதங்களைப் பிடித்துத் தலை வைத்தவளை அர்ச்சகர்தான் எழுப்ப வேண்டியிருந்தது.

திரும்பும்போது காரில் கேட்டேன். "கால் எப்படிம்மா இருக்கு?"

"சில்லுன்னு இருந்துச்சு," என்றாள், உள்ளங்கையைப் பார்த்தபடி.

நான் கேட்டது அவளுடைய முழங்காலைப் பற்றி. திருத்தத் தோன்றவில்லை.