குற்றாலத்தில் வண்டி நின்ற கதை

எங்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் பிரியாணிக்குப் பிறகு ஒரு கதையும் பரிமாறப்படும். குற்றாலத்தில் வாப்பாவின் வண்டி நின்ற கதை. வாப்பாவே சொல்லுவார். ஐந்தருவி ஏற்றத்தில் இன்ஜின் திடீரென்று செத்துப்போனது, வண்டி பின்னால் உருளப் பார்த்தது, தான் கொஞ்சமும் பதறாமல் பிரேக்கை அழுத்தி ஓரங்கட்டியது என்று அது நீளும். சொல்லச் சொல்ல அந்த ஏற்றம் செங்குத்தாகிக்கொண்டே வருகிறது. சமீப காலமாகப் பக்கத்தில் ஒரு பள்ளமும் சேர்ந்திருக்கிறது. வண்டியில் அன்று உம்மாவும் நானும் இருந்தோம். உம்மா அந்தக் கதையைச் சொல்லி நான் கேட்டதில்லை. வாப்பா ஆரம்பித்ததுமே காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார்.

எனக்கு அப்போது எட்டு வயது. வாப்பா சவூதியில் வேலை பார்த்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். அந்தத் தடவை வந்தவர் ஒருநாள் செங்கோட்டை வழியாகக் கொல்லம் போய், ஒரு பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். யாரோ ஒரு எஸ்டேட்காரர் ஆசை தீர்ந்து விற்றதாம். கூரையை மடக்கி வைக்கலாம். விரித்து வைத்தாலும் சாரல் ஒழுகத்தான் செய்யும். இருக்கைகள் இரண்டே இரண்டு. பதினேழு பேர் இருக்கிற வீட்டுக்கு இரண்டு பேர் உட்காருகிற வண்டி வாங்கிய ஆள் தென்காசியில் அவர் ஒருவராகத்தான் இருக்க முடியும்.

அதனால் முறை வைத்து ஏற்றினார். முதலில் வாப்பாவின் அண்ணன், எங்கள் பெரியவாப்பா. கவர்னர் மாதிரி விறைப்பாக உட்கார்ந்து குற்றாலம் போய் வந்தார். அடுத்து வாப்பாவின் அக்கா, எங்கள் மாமி. முதல் தடவை பயத்தில் கண்ணை மூடிக்கொண்டதால் எதையும் பார்க்கவில்லை என்று மாமி இன்னொரு தடவையும் போனார். பெரியும்மா போனார், அவர் பிள்ளைகள் போனார்கள், தெருமுனைக் கடை அண்ணாச்சிகூடப் போனார். உம்மாவின் முறை மட்டும் வரவில்லை. பெண்டாட்டியை முன்னால் ஏற்றிக்கொண்டு திரிகிறான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதில் வாப்பா அவ்வளவு கவனமாக இருந்தார்.

உம்மாவுக்கு வண்டி மேல் ஆசை ஒன்றும் இல்லை. அவருக்கு வாப்பாவிடம் தனியாகப் பேச வேண்டியிருந்தது. தனி வீடு வேண்டும் என்று கேட்க வேண்டியிருந்தது. எனக்கு ஒரு முட்டை அவித்துத் தர வேண்டுமென்றாலும் உம்மா பெரியும்மாவிடம் கேட்டாக வேண்டிய வீடு அது. சவூதியிலிருந்து வாப்பா கூப்பிட்டால் பெரியவாப்பாவின் செல்லில்தான் கூப்பிடுவார். கூடத்தில் எல்லாரையும் சுற்றி உட்கார வைத்து ஸ்பீக்கரில் போடுவார்கள். உம்மாவின் முறை வரும்போது, “நல்லா இருக்கேன், நீங்க உடம்பப் பாத்துக்கிடுங்க” என்பதைத் தவிர வேறு என்ன பேச முடியும்? லீவில் வந்தாலும் அதே கதைதான். எங்கள் அறைக்கும் மாமியின் அறைக்கும் நடுவே பலகைத் தடுப்பு. ராத்திரி உம்மா வாயைத் திறந்தால், “மெதுவா, அக்கா முழிச்சிருக்கா” என்று வாப்பா திரும்பிப் படுத்துக்கொள்வார்.

இதற்கிடையில் வாப்பாவுக்கும் எனக்கும் ஒரு ரகசியம் இருந்தது. பெரியவாப்பாவின் பையன்கள் கேட்காமல் வண்டியை எடுத்துவிடுகிறார்கள் என்று, ஸ்டியரிங்குக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு சுவிட்ச் வைத்திருந்தார். அதைக் கீழே தட்டிவிட்டால் இன்ஜின் நின்றுவிடும். மேலே தட்டும்வரை எத்தனை தடவை சாவியைத் திருகினாலும் எழும்பாது. “யார்ட்டயும் சொல்லக் கூடாது, என்னட்டி?” என்று என்னிடம் மட்டும் காட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

லீவு முடிகிற நேரத்தில் உம்மாவின் முறை வந்தது. “மொட்டை வண்டியில நீங்க ரெண்டு பேரு மட்டும் போனா பாக்குதவங்க என்ன சொல்லுவாங்க? புள்ளையயும் கூட்டிட்டுப் போ” என்றார் மாமி. உம்மாவின் மடியில் ஏறி உட்கார்ந்தேன். மேலகரம் தாண்டும்போதே சாரல் முகத்தில் அடித்தது. பேரருவிக் கூட்டத்தைக் கடந்து ஐந்தருவி ரோட்டில் திரும்பியதும் சந்தடி குறைந்தது. உம்மா துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டார்.

“ஒரு விசயம் கேக்கணும். ரெண்டு வருசமா மனசுலயே வச்சிருக்கேன்.”

“கேளு.”

“நீங்க போறதுக்கு முன்ன எங்களுக்குன்னு ஒரு வீடு பாத்துக் குடுத்துட்டுப் போங்க. வாடக வீடுன்னாலும் சரி, ஒத்த ரூம்னாலும் சரி. அங்கன இனி என்னால முடியல. உங்க அண்ணன்ட்ட நீங்கதான் சொல்லணும்.”

வாப்பா ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்களத்தான் கேக்குதேன். சொல்லுவீங்களா, மாட்டீங்களா?”

இன்ஜின் நின்றது. இருமவில்லை, புகையவில்லை. பேசிக்கொண்டிருந்தவர் வாயை மூடிக்கொண்ட மாதிரி நின்றது. வாப்பா வண்டியை அப்படியே ஓரத்தில் உருட்டி, ஒரு மங்குஸ்தான் கடைக்குப் பக்கத்தில் நிறுத்தினார். இறங்கி பானெட்டைத் திறந்து அதற்குள் தலையை விட்டுக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் நாலு பேர் கூடிவிட்டார்கள். குற்றாலத்தில் அருவிக்கு அடுத்தபடி கூட்டம் சேருவது நின்றுபோன வண்டிக்குத்தான்.

எனக்கு வாப்பாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. “வாப்பா, அந்த சுவிட்ச பாத்தீங்களா?” என்று கத்தினேன்.

“வாய மூடிட்டு இருட்டி!” பானெட்டுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் மட்டும் வந்தது. வாப்பா என்னைத் திட்டியது அதுதான் முதல் தடவை.

“எந்த சுவிட்சு?” என்று உம்மா காதோடு கேட்டார்.

ரகசியத்தைச் சொல்லக் கூடாதே. வாய் திறக்காமல் கையை மட்டும் காட்டினேன். உம்மா குனிந்து விரலால் தடவிப் பார்த்தார். சுவிட்ச் கீழே கிடந்தது. கொஞ்ச நேரம் அதன் மேலேயே விரலை வைத்திருந்தார். பிறகு மேலே தட்டிவிட்டார். வாப்பாவின் முழங்கால் பட்டு விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

யாரோ ஒரு மெக்கானிக்கை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். அவர் வந்ததும் சாவியைத் திருகினார். வண்டி எழும்பி உறுமியது.

“என்ன பாய், ஒண்ணுமே இல்லியே! இதுக்கா இந்த மழையில கூப்பிட்டீங்க?”

கூட்டம் சிரித்தது. நான் கை தட்டினேன். வாப்பா சிரிக்கவில்லை. சுவிட்ச் இருந்த இடத்தைப் பார்த்தார், பிறகு உம்மாவைப் பார்த்தார். உம்மா மங்குஸ்தான் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டியைச் சரி செய்தது உம்மாதான் என்று வீட்டில் எல்லாரிடமும் சொல்ல எனக்கு நாக்கு துறுதுறுத்தது. தெருவில் திரும்பும்போது உம்மா என் காதில், “சொல்லாத” என்றார். என்ன ஒரு அடக்கம் என்று வியந்தேன்.

வாப்பா சவூதிக்குப் போனார். வண்டி விலை போனது. சவூதியும் ஒருநாள் முடிந்து, இப்போது வீட்டோடு இருக்கிறார். அதே வீடு, அதே பலகைத் தடுப்பு. உம்மா பிறகு அவரிடம் தனி வீடு கேட்கவில்லை. எனக்குத் தெரிந்து எதையுமே கேட்கவில்லை.

போன வருடம் சுரண்டையிலிருந்து திரும்பும்போது என் கார் நடுரோட்டில் நின்றுவிட்டது. பின்னால் பஸ்காரன் ஹாரனை அழுத்துகிறான். சாவியைத் திருகுகிறேன், திருகுகிறேன், திரும்பத் திரும்பத் திருகிக்கொண்டே இருக்கிறேன். அப்போதுதான் உறைத்தது. இன்ஜின் நின்றுபோனால் யாராக இருந்தாலும் முதலில் சாவியைத்தான் திருகுவார்கள். வாப்பா அன்று சாவியைத் தொடவே இல்லை. அண்ணனிடம் சொல்ல மாட்டேன் என்று பெண்டாட்டி முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியமில்லாமல், ஒரு சுவிட்சைத் தட்டிவிட்டு இறங்கிப் போய்விட்டார். அது உம்மாவுக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. தெரிய வைத்தது நான். ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்து அழுதேன். வாப்பாவை நினைத்து வந்த ஆத்திரம் அடங்கவே இல்லை.

குற்றாலத்தில் அன்று கிளம்புமுன் வாப்பா அந்தக் கடையில் ஒரு கூடை மங்குஸ்தான் வாங்கினார். எதையும் பேரம் பேசாமல் வாங்காத மனிதர், கேட்ட விலையைக் கொடுத்தார். கூடையை உம்மாவிடம் நீட்டினார். உம்மா கை நீட்டவில்லை. நான் வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். ஒன்றை உரித்து உம்மாவின் வாயருகே கொண்டுபோனேன். “நீயே தின்னு” என்றார். இன்றைக்கு நமக்கு யோகம்தான் என்று, தென்காசி வரும்வரை ஒவ்வொன்றாக உரித்து எல்லாவற்றையும் நானே தின்று தீர்த்தேன்.